சிறுதொழில்களும் இணையப் பாதுகாப்பும்

முப்பதாண்டுகள் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கணிப்பொறி வல்லுநன் அல்லேன். ஆயினும் இத்தலைப்பை நானே கேட்டுப் பெற்றேன். என் தம்பியின் அரிசி ஆலையில் நேர்ந்த ஓர் இழப்பே அதற்குக் காரணம்.

ஆலைக்குச் சாக்குப்பை அனுப்பும் நிறுவனத்தின் பெயரில் ஒருநாள் காலை மின்னஞ்சல் வந்தது. தங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டதென்றும், நிலுவையைப் புதிய கணக்கிற்கு அனுப்புமாறும் அதில் எழுதியிருந்தது. பட்டியல் எண் சரியாக இருந்தது; தொகையும் சரியாக இருந்தது. கணக்கெழுதும் பெண் ரூ.3,40,000 அனுப்பினார். பத்தரை மணிக்கு, பணம் அனுப்பிய செய்தியைச் சொல்லச் சாக்குக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார். "நாங்கள் கணக்கை மாற்றவே இல்லையே, அம்மா" என்றார் அவர். பின்னர் அந்த மின்னஞ்சல் முகவரியை உற்று நோக்கினோம். ஆங்கிலச் சிற்றெழுத்து 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்னும் இரண்டெழுத்துகள் ஒட்டி நின்றன. மூன்றாம் முறை பார்த்தபோதுதான் எனக்கே அது புலப்பட்டது. பட்டியல் எண் தெரிந்திருந்ததால், இருவரில் ஒருவருடைய அஞ்சற்பெட்டியை எவனோ சில நாளாகப் படித்துக்கொண்டிருந்தான் என்றே நான் கருதுகிறேன்.

பிறகு நடந்ததே எனக்குப் பெருவருத்தம். பத்தரை மணிக்கு உண்மையறிந்த அப்பெண், என் தம்பியிடம் அதைச் சொன்னது மாலை ஐந்து மணிக்கு! முந்தைய மாதம் ஐந்நூறு ரூபாய்க் கணக்குப் பிழைக்காக, மூட்டை தூக்குவோர் முன்னிலையில் அவரைத் தம்பி கடுமையாக ஏசியிருந்தான். ஐந்நூறுக்கே அப்படியென்றால் மூன்றரை இலட்சத்திற்கு என்ன ஆகும் என்று அஞ்சி, உணவும் உண்ணாமல் மேசையிலேயே அமர்ந்திருந்திருக்கிறார்.

அந்த ஆறரை மணி நேரத்தின் விலையைச் சொல்கிறேன். பணமோசடிக்கு உள்ளானோர் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்கலாம். புகார் பதிவானதும் தொடர்புடைய வங்கிகளுக்குத் தகவல் செல்கிறது. பணம் ஒரு கணக்கில் தங்கியிருந்தால் அங்கேயே அதனை நிறுத்திவைக்க இயலும். மோசடிக்காரனோ அதனைப் பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பி ரொக்கமாக எடுக்க விரைகிறான். இது ஓர் ஓட்டப்பந்தயம். நாங்கள் ஓடத் தொடங்கியபோது அவன் எல்லையைத் தொட்டுவிட்டான். சிறு பகுதியே நின்றது. வாடிக்கையாளர் தாமே செய்த தவற்றால் நேர்ந்த இழப்பை, அவர் வங்கிக்கு அறிவிக்கும்வரை அவரே ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. ஆதலின் வங்கியையும் குறைகூற வழியில்லை.

"நம்மிடம் என்ன இருக்கிறது, நம்மைத் தேடி வர?" என்று கேட்போர் உண்டு. அமெரிக்காவில் டார்கெட் என்னும் பெரும் அங்காடி நிறுவனத்திடமிருந்து 2013இல் ஏறத்தாழ நான்கு கோடி அட்டைகளின் விவரங்கள் களவாடப்பட்டன. கள்வர் நுழைந்த வழி, அந்நிறுவனத்திற்குக் குளிர்சாதனப் பணி செய்துவந்த ஓர் ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல். சிறியவர் வீட்டுத் திண்ணை வழியாகப் பெரியவர் மாளிகைக்குள் போனார்கள். 2017 மே மாதம் 'வானாகிரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. 'அப்டேட் செய்க' என்று திரையில் வரும்போது "பிறகு" என்பதை அழுத்துவோர் இதனை நினைவில் கொள்க. கணக்குகளின் நகலைத் தனி வன்தட்டில் எடுத்து, கணிப்பொறியிலிருந்து கழற்றி வைப்பதும் இன்றியமையாதது. செருகியே வைத்த நகலும் சேர்ந்தே பூட்டப்படும்.

இனி, பணியாளர் பயிற்சி. ஆண்டுக்கொருமுறை ஒருவரை அழைத்து உரையாற்றச் செய்து தேநீர் கொடுத்து அனுப்புவதில் எனக்கு நம்பிக்கையில்லை. (இன்றைய என் உரையும் அவ்வகையே என்பதை ஒப்புக்கொள்கிறேன்!) எங்கள் ஆலையில் ஊதியம் வழங்கும் நாளில் அரைமணி நேரம் ஒதுக்கினோம். அம்மாதம் நமக்கே வந்த போலிச் செய்திகளை எல்லோருக்கும் காட்டுகிறோம். திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வந்தது ஒரு செயலிக் கோப்பு என்பதை எடைபோடும் பையன்தான் முதலில் கண்டுபிடித்தான். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை என்பதை விற்பனைப் பகுதியில் நிற்பவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கல்லாவருகே ஒட்டியுள்ள கியூஆர் குறியீட்டின் மேல் வேறொன்று ஒட்டப்பட்டுள்ளதா என்று காலையில் கடை திறப்பவர் பார்க்கிறார்.

வங்கிக் கணக்கு மாற்றம் என்று யார் எழுதினாலும், அக்கடிதத்திலுள்ள எண்ணை அழைக்காமல், நம் பேரேட்டில் உள்ள பழைய எண்ணை அழைத்துக் கேட்க வேண்டும். ஐம்பதாயிரத்திற்கு மேற்பட்ட தொகையை இருவர் பார்த்தே அனுப்ப வேண்டும். பணியை விட்டு நீங்குபவரின் கடவுச்சொல்லை அன்றே மாற்றுகிறோம்.

இவற்றினும் கடினமான பயிற்சி என் தம்பிக்குத்தான் தேவைப்பட்டது. தவறு செய்ததை அன்றே சொல்பவரை ஏசுவதில்லை என்று பணியாளர் அனைவர் முன்னிலையிலும் அவன் வாக்களித்தான். முதலாளியின் பெயரால் வரும் அவசரக் கட்டளையையும் மறுக்கலாம் என்று அனுமதியளித்தான். அந்தப் பெண்ணைப் பணியிலிருந்து நீக்குமாறு உறவினர் சிலர் கூறினர். பாடம் கற்றவரை அனுப்பிவிட்டுக் கல்லாதவரை அமர்த்துவதா என்று நான் தடுத்துவிட்டேன்.

சென்ற மாதம் தம்பி நெல் வாங்க வெளியூர் சென்றிருந்தான். அவனுடைய கைப்பேசி பழுதாகிவிட்டது. ஓட்டுநரின் எண்ணிலிருந்து, "டீசலுக்கு உடனே பணம் அனுப்புக" என்று அப்பெண்ணுக்குச் செய்தி அனுப்பினான். அவர் அனுப்பவில்லை. தாமே அவ்வெண்ணை அழைத்து, குரலைக் கேட்டு, அன்று காலை ஆலையில் ஏற்றிய மூட்டை எத்தனை என்றும் வினவி, விடை சரியான பின்னரே அனுப்பினார். அதற்குள் பெட்ரோல் நிலையத்தில் கால்மணி நேரம் வெயிலில் நின்றானாம் தம்பி. "மிகுந்த கோபம் வந்தது, அண்ணா, வாயைத் திறக்கவில்லை" என்றான் என்னிடம்.