யோசிக்காதேங்கோ என்று சொல்லாதேங்கோ

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், திருகோணமலையில் ஆற்றிய உரை)



உளநெருக்கீடு பற்றியும் அதிலிருந்து மீண்டு எழுவது பற்றியும் பேசும்படி என்னைக் கேட்டார்கள். திருகோணமலைப் பெண்களுக்கு இதைப் படிப்பிக்க வேண்டுமா என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் நூறு வருடத்தை எண்ணிப் பாருங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டன. 1964 டிசம்பரில் சூறாவளி. 1983, 1990 ஆகியவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை; இந்த மண்டபத்தில் பாதிப்பேர் அவற்றைத் தாண்டி வந்தவர்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தது. இவ்வளவையும் கண்ட பிறகும் நாங்கள் சேலை உடுத்து, பூ வைத்து, இங்கே வந்து இருக்கிறோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இவற்றைப் பற்றி அல்ல.

என்னோடு படித்த ஒருத்தி இருக்கிறாள். பெயர் வேண்டாம். கடல் அவளுடைய வீட்டையும் கணவரையும் கொண்டுபோனது. இரண்டு பிள்ளைகளையும் தனியே வளர்த்து ஆளாக்கினாள். அவள் கலங்கி நின்று நாங்கள் கண்டதில்லை. 2022இல் காஸ் இல்லாமல் சனம் வரிசையில் நின்றதே, அப்போது மூன்றாவது நாளும் வெறும் சிலிண்டரோடு திரும்பியவள், றோட்டிலேயே குந்தியிருந்து அழுதாள். பிறகு என்னிடம் சொன்னாள்: “சுனாமிக்குக்கூட நான் இப்பிடி உடையேல்லயடி. ஒரு சிலிண்டருக்கு உடைஞ்சு போனன்.” அவளுக்கு அதில் பெரிய வெட்கம்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. 2010இல் காயத்திரி பெர்னாண்டோ, கென்னத் மில்லர், டேல் பேர்கர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போரையும் சுனாமியையும் கண்ட நம் நாட்டுச் சிங்கள, தமிழ், முஸ்லிம் இளம் பிள்ளைகள் 427 பேரிடம் கேட்டு எழுதியது. போரும் சுனாமியும் பிள்ளைகளின் மனதை வருத்திய வழிகளில் முக்கியமானது, அவற்றோடு கூட வந்த அன்றாடத் தொல்லைகள் என்று அதில் தெரியவந்தது. பேரழிவோடு நேரடித் தொடர்பு இல்லாத சில தொல்லைகளும் தம்பாட்டில் பிள்ளைகளைப் பாதித்திருந்தன. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையாக நான் கண்டதும் அதுதான். என் அறைக்கு வந்த பிள்ளைகளில் அநேகர் பேசியது குண்டைப் பற்றி அல்ல. வீட்டில் அப்பா குடிப்பதை, ரியூசன் காசு கட்டாததை, சித்தி வீட்டில் படிக்க ஒரு மூலை கிடைக்காததைப் பற்றித்தான்.

இது ஏன் என்று நான் யோசித்திருக்கிறேன். பெரிய அழிவுக்கு ஊர் கூடும். சமைத்த சோற்றோடு யாராவது வருவார்கள். பள்ளிக்கூடம் அகதி முகாமாகும். செத்தவருக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்க் கிரியை செய்கிறோம். அழுவதற்கு ஒரு நாளும் இடமும் முறையும் இருக்கிறது. காஸ் வரிசைக்கு எந்தக் கிரியை? மாமியாரின் மருந்துச் செலவுக்கு யார் சோறு கொண்டு வருவார்கள்? அந்தப் பாரத்துக்குப் பெயரும் இல்லை, முடியும் திகதியும் இல்லை. (99 எண்ணெய்த் தாங்கி உள்ள சீனன்குடாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மண்ணெண்ணெய்க் கானோடு நாங்கள் நின்றோம் என்பதை வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் யாராவது எழுத வேண்டும்.)

உடம்பும் அப்படித்தான். ஆபத்து வந்தால் அதிரினலினும் கோட்டிசோலும் சுரந்து, இதயம் வேகமாக அடித்து, ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகும். ஆபத்து போனதும் அடங்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினால் அது சரியாக அடங்க வழியில்லை. பிறகு தலையிடி, நித்திரையின்மை, பிரஷர், காரணமில்லாமல் பிள்ளையில் எரிந்து விழுவது.

நம் பேச்சில் “யோசனை” என்றால் சிந்தனை மட்டுமல்ல, கவலையும்தான். “அவவுக்குச் சரியான யோசனை” என்போம். யாராவது வாய் திறந்தால் உடனே “யோசிக்காதேங்கோ” என்று கையைப் பிடிப்போம். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவ யோசனையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறா. “என்ன யோசனை, சொல்லுங்கோ” என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை, கேட்டுக்கொண்டு இருந்தால் போதும்.

இன்னொரு சொல்லும் எனக்குப் பிடிக்காது: “எங்கட ஊர்ப் பொம்பிளையள் எதையும் தாங்குவினம்.” மேடையில் இதைச் சொன்னால் கைதட்டுவார்கள். எதையும் தாங்குகிறவள் என்று பெயர் எடுத்தவள் உதவி கேட்க வாய் திறக்க முடியாது. கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வரும் நுண்கடன்காரருக்கு மூச்சுப் பயிற்சி பதில் ஆகாது. மூச்சுப் பயிற்சி கெடுதல் என்று சொல்லவில்லை. நானும் விடியப்புறம் கடற்கரையில் நடந்து, மூச்சை மெதுவாக இழுத்து விடுகிறவள்தான். படபடப்பு அடங்க அது உதவும். ஆனால் கடன் கடன்தான். அதற்குக் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் வங்கியில் வேலை செய்த எத்தனை பேர் இருக்கிறீர்கள்!

வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இரண்டு வேலை, பனி, ஊரில் இருந்து பணம் கேட்டு வரும் அழைப்பு. இஞ்ச உள்ளவை பட்ட கஷ்டத்துக்கு முன்னால் எங்கட கஷ்டம் எம்மாத்திரம் என்று வாயை மூடிக்கொள்கிறீர்கள். கஷ்டத்தைத் தராசில் போட்டு நிறுக்க வேண்டாம். இங்கே உள்ள நாங்களும், அவைக்கு என்ன குறை என்று நினைப்பதை விட வேண்டும்.

2022இல் இருந்து எங்கள் வகுப்புக்காரர் பதினொரு பேர் ஞாயிறு இரவு எட்டரைக்கு வட்ஸ்அப்பில் கதைக்கிறோம். கனடாவில் அப்போது காலை. கட்டாயம் ஒன்றே ஒன்று: அந்தக் கிழமை தொல்லை தந்த ஒரு சின்ன விஷயத்தை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். தண்ணீர் மோட்டார் பழுது, மருமகள் முகம் கொடுத்துப் பேசவில்லை, இப்படி. தத்துவம் பேசத் தடை. ஃபோர்வேர்ட் அனுப்பவும் தடை. காஸுக்கு அழுதவள்தான் இப்போது எல்லோரையும் கூப்பிட்டுச் சேர்க்கிறவள். ஒருத்தி இரண்டு கிழமை வராவிட்டால் மற்ற எல்லோரிடமும் விசாரிக்கிறாள்.

நித்திரை நாள்கணக்காக இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருப்பதில் பிரியம் இல்லை என்று யாராவது சொன்னால், அது எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கதையால் தீருவதல்ல. வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியே அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். இலங்கைக்குள் இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களைக் கூப்பிடச் சம்மதிக்கும் ஒருத்தி தன் பெயரையும் இலக்கத்தையும் எழுதிவிட்டுத் தேநீருக்குப் போங்கள். 1970க்கு முந்திய அக்காமாருக்கு எழுத்துப் பெரிதாக இருக்கும்படி தனிப் பக்கம் கோடு போட்டிருக்கிறேன்.