குதிரைக்குப் புல் அறுத்தது யார்?

(திருவாரூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இலட்சியம், வீரம், பிறரை நாம் பார்க்கும் விதம், இவற்றைப் பற்றிப் புத்தகங்களை வைத்துப் பேசச் சொன்னார்கள். உள்ளே வரும்போது வாசலில் நின்ற பத்துப் பேரிடம் ஒரு கேள்வி கேட்டேன். நம் காவிரிப் படுகையைப் பற்றி நீங்கள் படித்த கதைகளில் மனசில் நிற்கிற வீரன் யார்? எட்டுப் பேர் வந்தியத்தேவன் என்றார்கள். ஒருவர் அருள்மொழிவர்மன். இன்னொரு தோழர் கார்த்தி என்றார். அதுவும் வந்தியத்தேவன்தான், ஒன்பதாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் பள்ளிக்கூட நாளில் பொன்னியின் செல்வனை ஐந்து பாகமும் ஒரு கோடை விடுமுறையில் முடித்தவன்தான். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற அந்த இளைஞன் பின்னாலேயே நானும் போனேன். நடவுக்குப் போய்விட்டு வந்து அம்மா சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருப்பார், நான் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒருநாள், "அதுல நம்ம ஆளுங்க யாருடா?" என்றார். யோசித்துப் பார்த்தேன், பதில் இல்லை. "சரி, அவன் குதிரைக்குப் புல்லு அறுத்துப் போட்டது யாரு, அதையாவது எழுதியிருக்கா?" என்றார். பிரெக்ட்டின் கவிதையைப் பல வருடம் கழித்துப் படித்தபோது, இதை எங்கள் வீட்டில் ஏற்கெனவே கேட்டாயிற்றே என்று தோன்றியது.

அந்த நாவலில் எளிய மனிதர்கள் இல்லாமல் இல்லை. படகு ஓட்டும் பூங்குழலி இருக்கிறாள். கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதன் இருக்கிறான், பரம சாது, பதவி ஆசை இல்லாதவன். கடைசியில் என்ன ஆகிறது? படிக்காதவர்கள் மன்னிக்கவும், சொல்லிவிடுகிறேன்: அவன் ராஜ குடும்பத்துப் பிள்ளை என்று தெரியவருகிறது. பூக்கட்டுகிறவன் உயர்ந்த குணத்தோடு இருந்தால் அவன் ரத்தத்தில் ஏதோ இருந்தே தீர வேண்டும்! கல்கி கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த முடிவு நமக்கு இயல்பாகப் பட்டது பாருங்கள், அங்கேதான் எனக்குப் பயம்.

1950 அக்டோபரில் அந்தத் தொடர் கல்கி இதழில் தொடங்கியது. அதே 1950 மே மாதம் அன்றைய தஞ்சை மாவட்டத்தில் வாட்டாக்குடி இரணியனையும் சாம்பவானோடை சிவராமனையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1948இல், திருச்சி சிறையில் களப்பால் குப்பு செத்தார். பண்ணையாள்களைச் சங்கமாகச் சேர்த்த தலித் தலைவர் அவர். 1944இல் மன்னார்குடியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பதும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதும் கூடாது என்பதை ஒப்பந்தம் போட்டு எழுத வேண்டியிருந்த ஊர் இது. ஒரு ஏரிக்கரையில் கதாநாயகன் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தபோது, அதே காவிரித் தண்ணீர் பாயும் இன்னொரு வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தது இது. ஒன்று லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போனது. மற்றதை நாம் சிறுவெளியீடுகளில் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. இரணியனுக்காவது 1999இல் முரளி நடித்து ஒரு படம் வந்தது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி போடாத நிலம் எது என்று பட்டியல் வருகிறது. குளம், வாய்க்கால், சுடுகாடு, இவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும். ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் இருக்கிறது. நாவலில்தான் இல்லை. 2019 ஜூனில் பா. ரஞ்சித் திருப்பனந்தாளில் பேசும்போது, ராஜராஜன் காலம் பொற்காலம் அல்ல, எங்கள் நிலம் பறிபோன காலம் என்ற பொருளில் பேசினார். வழக்குப் போட்டார்கள். வரலாற்று ஆசிரியர்கள் இதில் வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் செத்துப்போன ஒரு ராஜாவுக்காக எத்தனை சாதிச் சங்கங்கள் கொதித்தன என்று பார்த்தீர்களா? புத்தகத்தில் படித்த வீரனுக்குக் காயம் பட்டால் வலிக்கிறது. அந்த வலி வெண்மணிக்கு ஏன் வரவில்லை?

வெண்மணிக்கு வருகிறேன். 1968 டிசம்பர் 25. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். செங்கொடியை இறக்கச் சொன்னபோது மறுத்தார்கள். ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தவர்களை வெளியே விடாமல் எரித்தார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். இது உங்களுக்குத் தெரியும். நான் பேச வந்தது, இதை யார் எப்படிப் பார்த்தார்கள் என்பதை.

நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்கு 10 ஆண்டு தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அதில் நீதிபதிகள் சொன்ன ஒரு காரணம் இன்றைக்கும் காதில் ஒலிக்கிறது: பெரிய நிலவுடைமையாளர்கள், கார் வைத்திருப்பவர்கள், இவர்கள் தாங்களே நேரில் நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படியாக இல்லை. சாட்சி, தடயம், சட்டம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். கார் வைத்திருக்கிற மனிதர் இப்படிச் செய்யமாட்டார் என்று எங்கே படித்தார்கள்? எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. நாமெல்லாம் படித்து வளர்ந்த கதைகளில் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, 1975இல், இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் வந்தது. வெண்மணியை வைத்து எழுதிய நாவல். 1977இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. அதை எழுதத் துணிந்ததற்கு நான் அவரை மதிக்கிறேன், பலர் வாய் திறக்காத காலம் அது. ஆனால் அதில் நம் கண்ணாக இருப்பவர்கள் டெல்லியிலிருந்து வருகிற கோபாலும் சிவாவும். கிராமம் அவர்கள் பார்வைக்கு வந்து போகிறது. மிராசுதார் கண்ணையா நாயுடு ஏன் இவ்வளவு கொடூரமானவர் என்றால், அவருடைய ஆண்மைக்குறை, அதனால் வந்த மனச்சிக்கல் என்கிறது நாவல். அன்றைக்கே இதை எதிர்த்து இடதுசாரிகள் எழுதினார்கள்.

தீர்ப்பையும் நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீர்ப்பில் அவர் கனவான், அதனால் செய்திருக்க மாட்டார். நாவலில் அவர் நோயாளி, அதனால்தான் செய்தார். ஒன்று காப்பாற்றுகிறது, மற்றது குற்றம் சாட்டுகிறது, நோக்கம் வேறு வேறு. ஆனால் நல்ல உடம்போடு, குடும்பம் குட்டியோடு, கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்கிக்கொண்டு, அரைப்படி நெல்லுக்காகவும் எதிரே துண்டைத் தோளில் போட்டு நின்றதற்காகவும் எரிக்கக்கூடிய சாதாரண மிராசுதார் இரண்டிலும் இல்லை. சாதி ஒரு மனிதனை நோயாளி ஆக்காமலே இதைச் செய்ய வைக்கும். அதை ஒப்புக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரரையும் பயத்தோடு பார்க்க வேண்டிவரும், நோயாளி என்றால் நிம்மதி.

இன்னொன்று. தீர்ப்பும் நாவலும் மிராசுதார் மனசுக்குள் போய்த் தேடுகின்றன. சேரியின் மனசுக்குள் யார் போனார்கள்? அன்று சாயங்காலம் என்ன நடந்தது தெரியுமா? டீக்கடை வைத்திருந்த சங்கத்துக்காரர் ஒருவரை மிராசுதார் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய் அடைத்துவைத்தார்கள். சேரி ஜனங்கள் திரண்டு போய் அவரை மீட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தக் கைகலப்பில் எதிர்த் தரப்பு ஆள் ஒருவர் இறந்தார். அந்தச் சாவுக்குத் தொழிலாளர்கள் தண்டனை அனுபவித்தார்கள், 44 சாவுக்கு யாரும் அனுபவிக்கவில்லை. மிராசுதார் வீட்டு வாசல்வரைக்கும் போனால் ராத்திரி என்ன வரும் என்று தெரிந்தே போனவர்கள் அவர்கள். ஒரு டீக்கடைக்காரருக்காக. கோட்டையிலிருந்து இளவரசியை மீட்டால் பத்து அத்தியாயம் எழுதுகிறோம். இதற்கு ஒரு பத்தி.

நாமும் சுத்தம் இல்லை. ஒவ்வொரு டிசம்பரும் நம் போஸ்டரில் என்ன போடுகிறோம்? "44 தியாகிகள்." செங்கொடியை இறக்க மறுத்தவர்கள் போராளிகள், சந்தேகமில்லை. அம்மா மடியில் இருந்த குழந்தை எதையும் தியாகம் செய்யவில்லை. அது கொல்லப்பட்டது. அந்தக் குழந்தையையும் வீரர் வரிசையில் நிற்க வைத்து வணக்கம் சொல்லிவிட்டால் நமக்கும் மனசு லேசாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் மேல்சாதியிலிருந்து வந்து நமக்காக உழைத்தவர்களை எப்படிப் பார்ப்பது என்று போன மாதம் ஒரு தங்கை கேட்டார். ராஜம் கிருஷ்ணனின் பாதையில் பதிந்த அடிகள் படியுங்கள். மணலூர் மணியம்மாளின் கதை. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் கல்யாணம் ஆகி விதவையானவர். முடியை கிராப்பாக வெட்டிக்கொண்டு, வேட்டி ஜிப்பா போட்டுக்கொண்டு, சிலம்பம் கற்றுக்கொண்டு, சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டினார். 1953இல் மான் முட்டிச் செத்தார். ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராக அலைந்து, அவரைப் பார்த்தவர்களிடம் கேட்டுக் கேட்டு அதை எழுதினார். மணியம்மாளிடம் எனக்குப் பிடித்தது, முதலில் மாற்றியது தன்னைத்தான். என்னைப் பார்த்து விதவை என்றோ ஐயர் வீட்டு அம்மா என்றோ சொல்லாதே என்று உடம்பாலேயே சொல்லிவிட்டார்.

ஆனால் படிக்கும்போது கூடவே இதையும் யோசியுங்கள். மணியம்மாளும், கர்நாடகத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவும் சேரிக்குள் தங்கினார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். தங்க வைத்தவர் யார்? அந்த ராத்திரி கஞ்சி ஊற்றிய பெண் யார்? பிடிபட்டால் தலைவருக்கு ஜெயில், அந்தப் பெண்ணுக்குச் சவுக்கும் சாணிப்பாலும். அவள் வேண்டாம் என்று கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. அது பரிதாபமான ஏழையின் விருந்தோம்பல் இல்லை, தோழர்களே. கணக்குப் போட்டு எடுத்த அரசியல் முடிவு. சீனிவாசராவுக்குத் திருத்துறைப்பூண்டியில் நினைவிடம் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். கஞ்சி ஊற்றியவள் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சோலை சுந்தரபெருமாளின் செந்நெல் 1999இல் வந்தது. இந்த மண்ணின் பேச்சிலேயே எழுதினார், வயல் வேலை செய்கிறவர்கள் வழியாகவே வெண்மணிக்குப் போகிறார். நடை சில இடத்தில் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் 2014இல் எழுதியது தமிழில் குறத்தியம்மன் என்று வந்திருக்கிறது. அதில் கதாநாயகனே கிடையாது. நாவல் என்றால் ஒரு நாயகன் வேண்டும் என்று எதிர்பார்க்கிற வாசகரை வம்புக்கு இழுக்கிறார். தீ வைக்கிற இடம் மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாக ஓடுகிறது. செத்தவர்களை ஒவ்வொருவராகக் கணக்கெடுத்துப் பட்டியல் போடுகிறார். எனக்கு முதல் தடவை எரிச்சல் வந்தது, புத்தகத்தை மூடிவைத்தேன். இரண்டாம் தடவை அந்தப் பட்டியலைச் சத்தமாக வாசித்தேன். 44 என்று சொல்ல ஒரு நொடி ஆகிறது. பட்டியலை வாசிக்க அப்படி ஆகவில்லை.

நேரம் ஆகிவிட்டது, கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்குச் செந்நெல். பிரதி குறைவாகத்தான் கிடைக்கிறது, இரண்டு பேர் சேர்ந்து படியுங்கள். படித்ததை வீட்டில் நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிற யாராவது ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை எழுதிக்கொண்டு வாருங்கள், அங்கிருந்து பேச ஆரம்பிப்போம்.