ஊசிக்கு முன் ஒரு கேள்வி

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு லயத்தில் நான்கு நாய்கள் இருந்தால் இரண்டின் பெயராவது மணியாகத்தான் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பள்ளி மாணவி ஒருத்தியின் குடும்பத்திற்குத் துணையாக ஈப்போவில் ஒரு கால்நடைக் கிளினிக்குக்குப் போயிருந்தோம். அவர்களுடைய மணிக்குக் காலில் புண், அவ்வளவுதான். தீராத நோயால் ஊசி போட்டு உயிர் போக்குவதற்காக, இன்னொரு கறுப்பு மணியும் அன்று வரவிருந்தது. உதவியாளர் வந்து, "மணிதானே? உள்ளே கொடுங்க" என்றார். தந்தை கயிற்றை நீட்டிவிட்டார். "எதுக்குக் கொண்டுபோறீங்க அக்கா?" என்று பிள்ளை கேட்டாள். அந்தக் கேள்வியால்தான் நாய் பிழைத்தது.

ஆகவே பெயர் மட்டும் அடையாளம் ஆகாது. உரிமையாளர் பெயர், நாயின் நிறம், ஆணா பெண்ணா, வயது, வந்த காரணம் அனைத்தையும் மருத்துவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். சில நாய்களுக்குத் தோலுக்கடியில் அரிசியளவு சில்லு பொருத்தியிருப்பார்கள். அதில் 15 இலக்க எண் இருக்கும். சில்லு இடம் நகர்வதுண்டு. எனவே படிக்கும் கருவியை உடல் முழுதும் காட்டிப் பார்ப்பது நல்லது. கையெழுத்திடுபவர் உரிமையாளர்தானா என்பதும் முக்கியம். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்கள் நாயை அண்டை வீட்டாரிடம் விட்டுச் சென்றதுண்டு. அது யாருடைய நாய் என்பதே பிறகு சண்டையாகிவிடும்.

முடிவெடுப்பதிலும் பிழை நேர்கிறது. கிழ நாய் ஒன்று திடீரெனத் தலையைச் சாய்த்துத் தள்ளாடி விழும். பக்கவாதம், இனித் தேறாது என்று அழுதுகொண்டே தூக்கி வருவார்கள். பல வேளைகளில் அது உட்காதின் சமநிலைக் கோளாறுதான். சில நாட்களிலேயே தேறத் தொடங்கும். "பொறுத்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் வெட்கமில்லை.

மனிதரைக் கடித்த நாயைப் பற்றி மருத்துவரிடம் மறைக்கலாகாது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநோய் தலைகாட்டியது. கடித்த நாய் நலமாகத் தோன்றினால் 10 நாள் அடைத்துவைத்துக் கவனிப்பார்கள். இறந்தால் மூளையைச் சோதிக்க வேண்டும். ஈப்போவிலுள்ள கால்நடை ஆராய்ச்சிக் கழகத்தில் அச்சோதனை நடக்கிறது. அவசரப்பட்டுப் புதைத்துவிட்டால் அந்த வழி அடைபடும். கடிபட்டவரோ நாயின் முடிவுக்குக் காத்திராமல், புண்ணைச் சோப்பிட்டுக் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி, ஊசி. மயக்க மருந்தே அளவுக்கு மேல் நரம்பில் ஏறுகிறது. நினைவு முதலில் போகும். பிறகு மூச்சு, அதன்பின் இதயம். கண் மூடாது. ஓரிரு முறை மூச்சு இழுத்தாற்போலவும் தோன்றும், அது வலியன்று. மூச்சு நின்றதுமே துணியில் சுற்றிக் கிளம்பிவிடக் கூடாது. மருத்துவர் குழாய் வைத்து நெஞ்சைக் கேட்டு, கண்மணியைத் தொட்டுப் பார்த்து, "முடிந்தது" என்று சொல்லும்வரை நிற்க வேண்டும்.

மருந்து உடலில் தங்கியிருக்கும். தின்னும் விலங்கும் சாகும். செம்பனைக் காட்டோரம் மேலாகப் புதைத்தால் காட்டுப்பன்றி கிளறிவிடும். மூன்றடிக்கு மேல் தோண்டி, மேலே கல் வையுங்கள்.