சட்டம் படிக்க நினைக்கும் நம் குழந்தைகளுக்கு

(நம் சங்கத்தின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஹைதராபாதில் பல வருஷங்கள் ஒரு வங்கியின் சட்டப் பிரிவிலும், ஓய்வுக்குப் பிறகு கறுப்புக் கோட்டோடு கோர்ட்டிலும் காலம் தள்ளியவன் நான். இந்த மேடையில் வழக்கமாக எஞ்சினீயரிங், மெடிக்கல், சி.ஏ. என்றுதான் பேசுவார்கள். சட்டம் என்றால், வேறெதுவும் கிடைக்காத பிள்ளை ஒதுங்குகிற இடம் என்ற நினைப்பு நம்மவர்களிடம் எப்படியோ வந்துவிட்டது. கிராமக் கணக்கரிடம் மாதம் 1 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்து, பிறகு மெட்ராஸ் ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம். பேத்தி 'லா படிக்கிறேன்' என்றால் மட்டும் முகம் சுருங்கும்.

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. பெங்களூரில் 1987-ல் மாதவ மேனன் தேசிய சட்டப் பள்ளியைத் தொடங்கி, பிளஸ் டூ முடித்தவுடன் ஐந்து வருஷம் சட்டம் படிக்கிற முறைக்கு ஒரு மதிப்பைக் கொண்டுவந்தார். அதே வழியில் 1998-ல் நம் ஊருக்கு வந்தது நல்சார். ஷாமீர்பேட்டையில் இருக்கிறது. தெலங்கானா மாநிலத்தவருக்கு அங்கே ஒதுக்கீடும் உண்டு. நம்மில் பலர் அந்த ஏரிப்பக்கம் பிக்னிக் போயிருப்போம்; பக்கத்தில் இருக்கும் காலேஜை எட்டிப் பார்த்திருக்க மாட்டோம்.

அதற்கு எழுத வேண்டியது கிளாட் பரீட்சை. 2008 முதல் நடக்கிறது. சில வருஷங்களாக டிசம்பரில் வைக்கிறார்கள். 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். கணக்குக்குப் பத்தில் ஒரு பங்குதான் இடம், அதுவும் பத்தாம் வகுப்புக் கணக்கு. நம் வீட்டுப் பிள்ளைகளின் பலம் அங்கே அதிகம் செல்லாது. மீதி எல்லாம் நீளமான பத்திகளைப் படித்துப் புரிந்துகொண்டு விடை சொல்வது. சட்டப் பகுதிக்குக்கூட முன்பே சட்டம் தெரிந்திருக்க வேண்டாம், விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். தினம் ஆங்கிலப் பேப்பரைத் தலையங்கம் வரை படிக்கிற குழந்தைக்குப் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்தப் பழக்கம் இல்லாத குழந்தையை லட்ச ரூபாய் கட்டிக் கோச்சிங்கில் சேர்ப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

கிளாட் கிடைக்கவில்லையென்றால் உலகம் முடிந்துவிடாது. லாசெட் இருக்கிறது. அதை எழுதி உஸ்மானியாவின் பஷீர்பாக் சட்டக் கல்லூரியிலோ, மற்றக் கல்லூரிகளிலோ சேரலாம். பட்டதாரிகளுக்கு மூன்று வருஷப் படிப்பும் உண்டு. நல்சாரோடு ஒப்பிட்டால் உஸ்மானியாவில் செலவு மிகக் குறைவு. வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கும் பொதுப் பிரிவுக் குடும்பங்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு; சான்றிதழுக்கு மீ-சேவாவில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், கவுன்சலிங் வாரத்தில் ஓடாதீர்கள். தனியார் கல்லூரியானால் பார் கவுன்சில் அங்கீகாரம் அந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஐ.டி. வேலையில் இருந்துகொண்டே சாயங்காலம் படித்துவிடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். என் காலத்தில் முடிந்தது, நானே அப்படிப் படித்தவன்தான். 2008-ல் பார் கவுன்சில் கொண்டுவந்த விதிகளுக்குப் பிறகு இது பகலில் நேரில் போய்ப் படிக்கிற படிப்பு.

சீட் வாங்குவது சின்ன விஷயம் என்பேன். குழந்தை கோர்ட்டுக்குப் போகப் போகிறதா, ஆபீசுக்கா என்பதைத்தான் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். கம்பெனி, சட்ட நிறுவனம், வங்கியில் லா ஆபீசர் என்று போனால் மாதச் சம்பளம். பி.டெக்., எம்.ஃபார்ம். படித்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2005-ல் மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமை வந்ததிலிருந்து இந்த ஊர் மருந்துக் கம்பெனிகளுக்குப் பேடன்ட் தெரிந்தவர்கள் ஓயாமல் தேவைப்படுகிறார்கள். பேடன்ட் ஏஜன்ட் பரீட்சைக்குச் சட்டப் பட்டமே வேண்டாம், அறிவியல் பட்டம் போதும்.

கோர்ட் என்றால் கதை வேறு. பட்டம் வாங்கி, பார் கவுன்சிலில் பதிந்து (750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2024-ல் சொல்லிவிட்டது), அகில இந்திய பார் பரீட்சையும் எழுதி ஒரு சீனியரிடம் சேர்ந்தால், முதல் சில வருஷங்கள் பெட்ரோல் காசுக்கே திண்டாட்டம். நகரங்களில் ஜூனியர்களுக்கு 20,000 ரூபாயாவது கொடுங்கள் என்று பார் கவுன்சில் 2024-ல் யோசனை சொன்னது. யோசனைதான். சிவில் ஜட்ஜ் ஆகலாம் என்றாலும், மூன்று வருஷம் பிராக்டிஸ் வேண்டும் என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்துவிட்டது. ஆக, படிப்புச் செலவோடு இன்னும் மூன்று நான்கு வருஷச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முடியாதென்றால் முதலிலேயே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் 'இன்னும் எத்தனை நாள்' என்று கேட்பதுதான் கொடுமை.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. தெலுங்கு! மார்க்குக்காக இன்டர்மீடியட்டில் சம்ஸ்கிருதம் எடுக்க வைக்கிறோம். குழந்தை தெலுங்கு பேசும், படிக்கத் தெரியாது. ஹைகோர்ட்டில் இங்கிலீஷ் போதும். ரங்காரெட்டி, மேட்சல் பக்கம் ஒரு நில வழக்கு வந்தால் பத்திரம் தெலுங்கில், சாட்சி பேசுவது தெலுங்கில், பழைய கஸ்ரா பஹாணியில் உருது வார்த்தைகள். தமிழ்ப் பிள்ளை குமாஸ்தாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னால், கட்சிக்காரர் அடுத்த வாரம் வேறு வக்கீலிடம் போய்விடுவார். ஒரு வருஷம் பழகினால் தெலுங்கு எழுத்து வராதா என்ன?

போன வாரம் ஒரு மாமி கேட்டார்: "ஏன் மாமா, பொண்ணு கோர்ட்டுக்குப் போனா வரன் பாக்கறது கஷ்டமாச்சே?" நான் சொன்னேன்: "மாமி, கஷ்டம்தான். ஆனா வர்ற பையன் 'கோர்ட்டுக்குப் போகாதே'ன்னு சொல்ற ஆளான்னு முதல் நாளே தெரிஞ்சுடும், அதுவும் ஒரு சௌகரியம்தானே?" மாமி சிரிக்கவில்லை. பெண் சிரித்தாள். இப்போது பஷீர்பாகில் சேர்ந்திருக்கிறாள், தெலுங்கு வாசகம் வாங்கி எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறாள்.

புதிதாக வருபவர்களுக்கு இது நல்ல நேரமும்கூட. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. நாற்பது வருஷமாக '420' என்று சொல்லிப் பழகிய சீனியர்கள் இப்போது 318-ஐத் தேடுகிறார்கள். ஜூனியரும் சீனியரும் ஒரே பக்கத்தைப் புரட்டும் காலம் அடிக்கடி வராது.

காபி தயாராகிவிட்டதாகக் காரியதரிசி சைகை காட்டுகிறார். கேள்விகளைக் குழந்தைகள் முதலில் கேட்கட்டும், பெற்றோர் அப்புறம் கேட்கலாம்.