ஓய்வுக்கு ஒரு வேலி

பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வாரத்தில் ஒரு நாளேனும் முறையாக ஓய்வு வேண்டும் என்று முதன் முதலில் ஓங்கிக் குரல் கொடுத்தவர் நாராயண மேகாஜி லோகாண்டே என்பவர். ஜோதிபா புலேயின் தோழர்; "தீனபந்து" என்னும் மராத்திப் பத்திரிகையை நடத்தியவர். அவர் முன்னின்று 1884ஆம் ஆண்டில் தயாரித்த விண்ணப்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் கையொப்பமிட்டனர். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, நண்பகலில் அரைமணி நேர ஓய்வு, இவையே அதில் முதன்மையாகக் கேட்கப்பட்டவை. ஞாயிறு விடுமுறையை ஆலை முதலாளிகள் ஒப்புக்கொண்டது 1890ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் தேதியன்று. இடையே ஆறு ஆண்டுகள் கழிந்தன. இன்று நாம் எண்ணிப் பாராமலே அனுபவிக்கும் ஞாயிற்றுக்கிழமை, கேட்டும் போராடியும் பெறப்பட்ட பொருள் என்பதை நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

சட்டம் ஆலைக்கு வேலி போடலாம். தன் மனத்திற்கும் உடலுக்கும் வேலி போட்டுக்கொள்வது அவரவர் வேலையே. இதற்குக் காந்தியடிகளைக் காட்டிலும் சிறந்த சான்று எனக்குத் தோன்றவில்லை. நாடெங்குமிருந்து மனிதர்களும் கடிதங்களும் ஓயாது வந்து மொய்த்த வாழ்க்கை அவருடையது. அத்தகையவர் திங்கட்கிழமை தோறும் மௌனம் காத்தார். அதனை ஆன்மிக விரதம் என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால், தம்மை நெருக்கிய சுமையைக் குறைத்துக்கொள்ளவே தாம் அதனைத் தொடங்கியதாகவும், எழுதுவதற்கு நேரம் தேவைப்பட்டது அடுத்த காரணம் என்றும், அதன் ஆன்மிகப் பயன் பழகப் பழகவே விளங்கியதென்றும் அவரே சொல்லியிருக்கிறார். களைத்த மனிதன் இளைப்பாற விரும்பினான், அவ்வளவுதான் தொடக்கம். அந்த எளிமையே எனக்குப் பிடித்திருக்கிறது.

1947ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதியும் ஒரு திங்கட்கிழமையே. நாட்டைப் பிரிக்கும் திட்டம் பற்றி வைசிராய் மௌண்ட்பேட்டன் அவரைச் சந்தித்த நாள் அது. பழைய கடித உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியே அவர் மறுமொழி தந்தார். விரதம் பூண்டபோதே இரண்டு விலக்குகளை வைத்துக்கொண்டதாகவும் அதில் குறிப்பிட்டார். அவசரமான காரியங்களைப் பற்றி உயர் அதிகாரிகளோடு பேசுவது ஒன்று. நோயாளிகளைக் கவனிப்பது மற்றொன்று. இந்த விலக்குகளைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். எவற்றிற்காகத் தம் ஓய்வை விட்டுக்கொடுக்கலாம் என்பதை முன்கூட்டியே, மனம் தெளிவாக இருக்கும்போதே, தீர்மானித்துவிட்டார். நாமோ ஒவ்வோர் அழைப்பு வரும்போதும் புதிதாக யோசிக்கிறோம். யோசித்து, தாட்சண்யத்துக்கு இணங்கி, எழுந்து போகிறோம். வேலியில் எங்கே வாசல் வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்யாதவனுக்கு வேலி முழுவதுமே வாசலாகிவிடும் அன்றோ?

நம் காலத்தில் ஆலைச் சங்கு ஊதுவது நின்றாலும் வேலை நிற்பதில்லை. சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி வழியாக அது வீட்டுக்குள்ளும் உணவுத் தட்டருகிலும் வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வாரத்தில் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் ஏறத்தாழ 35 சதவீதம் மிகுதி என்று அது மதிப்பிட்டது. இரவு பத்து மணிக்கு மேலதிகாரி அனுப்பும் செய்திக்கு மறுமொழி எழுதும் நேரத்தை நம்மில் யார் கணக்கில் சேர்க்கிறோம்?

இன்னும் ஒருவர் கணக்கு எழுதப்படாமலே இருக்கிறது. மத்திய அரசு 2019ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணிப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளைச் செய்த பெண்கள் அவற்றில் நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிஷங்கள்; அவ்வேலைகளில் பங்குகொண்ட ஆண்களோ 97 நிமிஷங்கள். லோகாண்டே வாங்கித் தந்த ஞாயிறு அடுக்களைக்குள் நுழையவில்லை. மாறாக, எல்லாரும் வீட்டில் இருக்கும் நாளாதலின் அன்றைக்கே பலகாரமும் விருந்தும் கூடுகின்றன! "அம்மாவுக்கு வேலை ஒரு பாரமா?" என்று அன்போடு சொல்லி மறுவேளைக் காப்பி கேட்பவர்களை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு மௌன விரதம் எல்லாம் வேண்டாம். ஞாயிறு மாலை நான்கு மணி முதல் இரவு வரை அடுக்களை அவளுடையதல்ல என்று வீட்டார் கூடி முடிவு செய்தால் போதும். அவள் கோயிலுக்குப் போகலாம், படிக்கலாம், வெறுமனே திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கலாகாது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மட்டும் கூப்பிடலாம். இரவுச் சாப்பாட்டுக்கு மத்தியானத்துச் சாதத்தில் மோர் விட்டுப் பிசைந்து, ஊறுகாய் ஜாடியை எடுத்து வைக்க, எந்த ஆண்மகனுக்கும் கை வரும்.