சூரியனைக் கும்பிட்டவர்களும் அளந்தவர்களும்



சூரியனைப் பற்றி நமக்குச் சொல்லி வைத்திருப்பதெல்லாம் என்ன? அவன் ஒரு பகவான். ஏழு குதிரை பூட்டிய தேரில் வருகிறான். கிரகணத்தன்று பாம்பு அவனை விழுங்குகிறது. அந்தத் தோஷம் போகப் புரோகிதனுக்குத் தானம் கொடுக்க வேண்டும் என்பதுதானே? இத்தனை தலைமுறையாகக் கும்பிட்டோமே, கும்பிட்டதால் ஒரு குடிசையிலாவது விளக்கு எரிந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்க, கும்பிடாமல் அளந்து பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லுகிறேன். பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மனிதன் செய்து வைத்த செயற்கைக்கோள்கள் மேகங்களைப் படம் பிடிக்கின்றன. மேகம் வெயிலில் எவ்வளவை மேலே திருப்பிவிடுகிறது என்பது அந்தப் படத்தில் தெரிகிறது. அதையும் காற்று உறிஞ்சுவதையும் கழித்துவிட்டால் தரைக்கு வந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். காற்று மண்டலத்துக்கு வெளியே சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட். மேகமில்லாத உச்சிப் பொழுதில் தரையில் சுமார் 1,000 வாட். இதில் ஞானதிருஷ்டி ஒன்றுமில்லை, வெறும் கணக்குதான்.

ஆனால் ஒரு பட்டணத்துக்கு இது மட்டும் போதாது. பக்கத்து மாடியின் நிழல் விழுந்தால் நம் கூரைக்கு வெயில் ஏது? ஆகவே, அமெரிக்காவில் நியூயார்க் பட்டணத்தின் மேல் 2010-இல் ஆகாய விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அதிலிருந்து லேசர் கதிரைப் பாய்ச்சி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு கூரைகளின் உயரத்தையும் சாய்வையும் அளந்தார்கள்; அதிலிருந்து நிழலையும் கணக்கிட்டார்கள். 2011-இல் நகரப் பல்கலைக்கழகத்தார் அந்தப் படத்தைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். யாரும் தன் விலாசத்தைக் கொடுத்துத் தன் கூரையின் கணக்கைப் பார்க்க முடிந்தது.

கண்டது என்ன? கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு சோலார் தகடு வைக்கத் தகுந்தவை. அத்தனையிலும் வைத்தால் 5,847 மெகாவாட். அதாவது பட்டணத்தின் உச்சநேரத் தேவையில் ஏறக்குறைய பாதி. ஆனால் வருஷம் முழுவதற்கும் பார்த்தால் சுமார் 14 சதவிகிதம்தான். இந்தச் சிறிய கணக்கையும் வெளியிட்டார்கள் பாருங்கள், அதுதான் அறிவின் நாணயம். “இந்தப் பூஜைக்கு 14 பங்குதான் பலன்” என்று எந்தப் புரோகிதனாவது சொல்லியிருக்கிறானா?

இன்னொரு விஷயம். வெயில் ஜாதி பார்ப்பதில்லை, பணக்காரன் ஏழை பார்ப்பதில்லை. ஆனால் கூரைக்குச் சொந்தக்காரன் உண்டே! நியூயார்க்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருப்பவை. சொந்தக் கூரை இல்லாதவனுக்குக் கூரைப் படத்தால் என்ன லாபம்? இந்தக் கேள்விக்குச் செயற்கைக்கோள் பதில் சொல்லாது. மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். 2015-இல் அந்த மாகாணத்தில் ஒரு விதி செய்தார்கள். எங்கோ ஓரிடத்தில் பொதுவாக வைத்த தகடுகளில் பலரும் பங்கு சேரலாம். தங்கள் பங்கு மின்சாரத்தைத் தங்கள் மின்கட்டணத்தில் கழித்துக் கொள்ளலாம் என்பதே அது. வாடகைக்காரனுக்கும் வெயிலில் பாத்தியதை வந்தது.

ஆகவே தோழர்களே, இனி யாராவது வெயிலின் பேரைச் சொல்லித் திட்டம் என்று வந்தால், அவர் சாமியாரானாலும் சரி, முதலாளியானாலும் சரி, மந்திரியானாலும் சரி, இரண்டு கேள்வி கேளுங்கள். “அளந்து பார்த்தாயா? அளந்தது யாருக்குப் போய்ச் சேரும்?” இரண்டுக்கும் பதில் வரும்வரை விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.