ஊதச் சொல்பவரும் பயின்றிருக்க வேண்டும்!

  

இரவு கடையை அடைத்துவிட்டு வீடு திரும்புகிறீர்கள். போலீஸ்காரர் வண்டியை மறித்து, ஊதச் சொல்கிறார். மது நமக்கு ஹராம். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று ஊதுகிறீர்கள். கருவி எண்ணைக் காட்டுகிறது! என்ன செய்வீர்கள்?

இது நடக்கக் கூடியதே. வாய் கொப்பளிக்கும் மருந்துகள் சிலவற்றிலும், சில இருமல் மருந்துகளிலும் ஆல்கஹால் உண்டு. அது வாயில் தங்கியிருக்கும் சில நிமிடங்களுக்குள் ஊதினால், குடிக்காதவரையும் கருவி குடித்தவராகக் காட்டக் கூடும். கருவிக்குத் தெரியாததை, அதைப் பிடித்திருக்கும் கை அறிந்திருக்க வேண்டாமா?

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தைப் பாருங்கள். அங்கே வழக்குக்கான மூச்சுச் சோதனையைப் பயிற்சிச் சான்று பெற்ற காவலர் மட்டுமே நடத்தலாம். அந்தச் சான்றும் ஆயுட்காலத்துக்கு அல்ல. குறித்த காலத்துக்குள் மறுபயிற்சி பெற்றுப் புதுப்பிக்க வேண்டும். சோதனைக்கு முன் 20 நிமிடம் அவரைக் கண்காணிக்க வேண்டும். வாயில் எதுவும் போடக் கூடாது, வாந்தி எடுக்கக் கூடாது. அதன் பிறகே ஊத வேண்டும், அதுவும் இருமுறை.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் அங்கே ஒரு தவறு நேர்ந்தது. கருவிகளைச் சரிபார்க்கும் பொறுப்பிலிருந்த ஒரு சார்ஜண்ட், வெப்பமானியால் சோதிக்கும் ஒரு படியை விட்டுவிட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அந்தப் படி இல்லாமல் சரிபார்த்த கருவிகளின் முடிவுகளை நம்ப முடியாது என்று 2018 நவம்பரில் அம்மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்டங்களில் 20,000-க்கும் மேற்பட்ட சோதனைகள் கேள்விக்குள்ளாயின. நிரபராதிக்கு நீதி தாமதமானது. உண்மையில் குடித்து ஓட்டியவனுக்கோ தப்ப வழி கிடைத்தது!

ஆகவே சோதனையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குடித்துவிட்டு ஓட்டுபவனால் சாலையில் உயிர்கள் போகின்றன. குற்றவாளி தப்பக் கூடாது. நிரபராதி சிக்கவும் கூடாது. இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: முறையான பயிற்சி, காலம் தவறாத மறுபயிற்சி.

நம் நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்தின்படி முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இளைஞர்களே! ஊத மறுக்காதீர்கள், தக்க காரணமின்றி மறுத்தால், 205-ஆம் பிரிவின்படி அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். மருந்து சாப்பிட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சற்று நேரம் கழித்து மீண்டும் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். கைது செய்தால், 204-ஆம் பிரிவு கூறும் இரத்தப் பரிசோதனையை மருத்துவர் மூலம் நடத்தச் சொல்லுங்கள்.

கோபம் வேண்டாம். சட்டம் தெரிந்தவனின் நிதானமே அவனுக்குக் கேடயம்.